இரண்டு நெருப்பு மீன்கள்

ஜூன் 9, ஞாயிறு

கடல்மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினோம். முப்பது லிட்டர் எடுத்து, கலக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீர் முப்பது லிட்டர் விட்டோம். அடர்த்தி 1.025. வெப்பம் 26. எல்லாம் சரி.

ஒன்பது வருடமாக ஞாயிறு காலை இந்த வேலையை நானும் தம்பி நவநீதனும்தான் செய்கிறோம். குழாயின் ஒரு முனையை அவன் தொட்டிக்குள் பிடிப்பான். மறுமுனையை நான் கீழே வாளியில் பிடிப்பேன். இன்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வருவதற்குள் வாளி முனையை அவன் மனைவி கோகிலவாணி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க உக்காருங்க நங்கை. ஒரு நாளாச்சும் ரெஸ்ட் எடுங்க" என்றாள்.

புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவது. மரியாதையான சொல்தான்.

உட்கார்ந்தேன். செய்தித்தாளில் ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும்.

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. அவளுக்கு வேலை மதியம் இரண்டிலிருந்து எட்டு வரைதான். பிசியோதெரபிஸ்ட். காலை முழுக்க வீட்டில்தான் இருக்கிறாள்.

ஜூன் 12, புதன்

கோகிலவாணிக்கு இன்று பிறந்தநாள். நான் ஒரு நெகமம் சேலை எடுத்துக் கொடுத்தேன். "ரொம்ப நல்லாருக்குங்க" என்று அங்கேயே தோளில் போட்டுப் பார்த்தாள்.

மாலையில் நவநீதன் கையில் தெர்மோகோல் பெட்டியோடு வந்தான். உள்ளே இரண்டு நெருப்பு மீன்கள். விரல் நீளம். தலைப்பக்கம் பால்வெள்ளை, வாலுக்குப் போகப் போக ஆரஞ்சாகி அப்படியே தணல் நிறம். முதுகில் ஊசி போல ஒரு நீளத் துடுப்பு. போன மாதம் உக்கடத்து வளர்ப்பு மீன் கடையில் பார்த்துவிட்டு இவள் கண்ணாடியை விட்டு நகரவே இல்லையாம். அதனால் சென்னையிலிருந்து சொல்லி வரவழைத்திருக்கிறான்.

அவள் கத்தியே விட்டாள். எனக்கு அப்படிக் கத்த வராது.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்லடா?"

"சொன்னா சர்ப்ரைஸா இருக்காதுக்கா. அதுவுமில்லாம நீ வேண்டாம்பே."

வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? தெரியாது. ஆனால் இந்தத் தொட்டிக்கு ஒரு நத்தைகூட என்னிடம் சொல்லாமல் வந்ததில்லை. எந்தப் பாறை எங்கே, எந்த மென்பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம், எல்லாம் நான் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவளுக்கு அது பெரிய விஷயமில்லை.

வந்த மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடக்கூடாது. நோய் இருந்தால் எல்லாம் போய்விடும். பையை மிதக்கவிட்டு, பிறகு வாளியில் ஊற்றி, முடிச்சுப் போட்ட மெல்லிய குழாய் வழியாக எங்கள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டேன். கோகிலவாணி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டடிச் சின்னத் தொட்டியில் விட்டோம். நான்கு வாரம் அங்கே தனியாக இருக்கும். சின்னத் தொட்டிக்கு இடம் என் அறையில்தான் இருக்கிறது.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. இது பயந்த சாதி. பயந்தா மேல குதிக்கும். விரல் நுழையற சந்து இருந்தாப் போதும், வெளிய வந்து விழுந்துரும்" என்றேன்.

"அய்யோ" என்று வாயில் கை வைத்தாள்.

ஜூன் 13, வியாழன்

காலை ஆறரைக்கே என் அறைக் கதவைத் தட்டுகிறாள். மீனைப் பார்க்க வேண்டுமாம்.

ஜூன் 16, ஞாயிறு

நவநீதன் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். நான் கீழே நின்று பார்த்தேன்.

ஒன்பது வருடம் முன்னால் அவிநாசி ரோட்டில் வண்டி சறுக்கி வலது கால் மூன்று இடத்தில் முறிந்தது. கம்பி வைத்து ஏழு மாதம் படுக்கை. சுவரைப் பார்த்தபடியே கிடந்தான், பேச்சு நின்றுவிட்டது. அப்போது வாங்கியதுதான் இந்தத் தொட்டி. அவன் கட்டிலிலிருந்து விரல் நீட்டி "அந்தக் கல்ல இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வை" என்று சொன்ன நாள்தான் அவன் திரும்பி வந்த நாள். கால் கூடியது. ஆனால் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தான். தினமும் வெந்நீர் ஒத்தடம் நான்தான் கொடுத்தேன்.

இவள் மூன்று மாதம் ஏதோ பயிற்சி கொடுத்தாள். இழுப்பு போய்விட்டது.

நல்லதுதான். நல்லது என்று அவளிடமே சொன்னேன்.

ஜூன் 22, சனி

பத்து நாள் ஆயிற்று. இரண்டு மீனுக்கும் உடம்பில் புள்ளி எதுவும் இல்லை. உறைந்த இறாலைப் பொடித்துப் போட்டால் வாங்குகின்றன. குழாய்த் துண்டுக்குள் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டித்தான் படுக்கும். ஒன்று வெளியே வந்தால் மற்றதும் வரும்.

கோகிலவாணி காலையில் வந்தால் அரை மணி நேரம் உட்காருகிறாள். என் கட்டிலில்தான். உடுமலையில் அவள் அம்மா வீட்டில் கோழிக்குஞ்சுகளுக்குப் பெயர் வைத்தது, கல்லூரியில் முதல்முறை எலும்புக்கூட்டைப் பார்த்துப் பயந்தது, இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் சேலை மடிப்பு எடுத்தபடி உம் கொட்டுவேன்.

பெரிய தொட்டியில் அதைவிட அதிசயம். அங்கே ஏழு வயதான மெரூன் க்ளவுன் மீன் ஒன்று இருக்கிறது. பெண். உள்ளங்கை அகலம். யார் கை விட்டாலும் பாய்ந்து கடிக்கும். அதனால் அதற்கு "எச்.எம்." என்று நவநீதன் பெயர் வைத்தான், எங்கள் தலைமையாசிரியையை மனதில் வைத்து. ஏழு வருடத்தில் என் கையை அது கடிக்காத வாரம் கிடையாது. இன்று கோகிலவாணி கையை விட்டபோது விரல் நுனிக்குப் பக்கத்தில் வந்து சும்மா நின்றது.

"பாருங்க நங்கை, கடிக்கவே இல்ல!"

கையில் தடவும் க்ரீம் வாடையாக இருக்கும் என்றேன். இனி க்ரீம் போட்ட கையைத் தண்ணீரில் விடக்கூடாது என்றும் சொன்னேன்.

ஜூன் 27, வியாழன்

இன்று அவள் அறைக்கு வரவில்லை. நிம்மதியாக இருந்தது. ஏழரை வரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன், பேருந்தைத் தவற விட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

மதியம் தண்ணீர் குடிக்கப் போனபோது சமையலறையில் இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசற்படியில் நின்றது அவர்களுக்குத் தெரியாது. நான் வேண்டுமென்று நிற்கவில்லை.

"ஓசூர்" என்று கேட்டது. நவநீதன் வேலை செய்யும் பம்ப் கம்பெனிக்கு அங்கே ஒரு கிளை இருக்கிறது. பிறகு அவள் குரல்: "உங்கக்கா பத்தி யோசிச்சுப் பாத்தீங்களா?" மிச்சம் மிக்சி சத்தத்தில் போய்விட்டது.

அப்படியா. தனிக்குடித்தனம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மூன்று மாதத்திலேயே தொடங்குவாள் என்றுதான் நினைக்கவில்லை.

தண்ணீர் குடிக்காமலே வந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

நான்கு வாரம் முடிந்தது. மீன்கள் சுத்தம். இனிப் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

இதிலும் ஒரு முறை உண்டு. ஓட்டை போட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டியைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, புது மீனை நாலு நாள் அதற்குள் வைக்க வேண்டும். பழைய மீன்கள் வந்து பார்க்கும், முட்டும், கோபம் தீரும். பிறகு திறந்துவிடலாம்.

சாயங்காலம் பெட்டியில் விட்டோம். எச்.எம். வந்தது. பெட்டியை முட்டியது. விலகிப் போய்த் திரும்பி வந்து முட்டியது. புது மீன்கள் இரண்டும் பெட்டியின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன.

என் அறைத் தொட்டி காலியாக இருக்கிறது. இனிக் காலையில் யாரும் கதவைத் தட்டப் போவதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்று திறந்துவிடும் நாள். விளக்குகளை அணைத்துவிட்டுத்தான் விட வேண்டும்.

விடுவதற்கு முன்னால் நவநீதன் கேட்டான். "அக்கா, எச்.எம்.ம பிடிச்சு ஒரு வாரம் அந்தப் பெட்டியில போட்டுர்லாமா? நாலு நாளாகியும் முட்டறத நிறுத்தல. இதுங்க கொஞ்சம் பழகட்டும்."

சரியான யோசனை. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நானே போன வாரம் அவனிடம் அதைச் சொல்லியிருந்தேன்.

"வேண்டாம். அதோட வீடு அது. அத எதுக்குப் பிடிச்சு அடைக்கணும்? வந்தவங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் கோகிலவாணி பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்தது. அவள் மீனைப் பார்த்தபடி இருந்தாள்.

விட்டோம். இரண்டும் ஒரு மின்னல் மாதிரி பாறை இடுக்குக்குள் போய்விட்டன.

ஜூலை 15, திங்கள்

ஒரு மீன் இறந்துவிட்டது.

தொட்டியின் வலை மூடி வலது பின்மூலையில் கிளிப் போடாமல் இருந்தது. அந்தச் சந்து வழியாகக் குதித்திருக்கிறது. கோகிலவாணி பத்து மணிக்குத் தீனி போட்டிருக்கிறாள். மதியம் ஒரு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் பார்த்திருக்கிறாள். காய்ந்து போயிருந்ததாம். கிளினிக்குக்குப் போகவில்லை. நான் பள்ளி விட்டு வந்தபோது தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எச்.எம்.மைப் பிடித்துத் தனியே போட்டேன். மற்ற மீன் கண்ணில் படவில்லை.

காலையில் எனக்கு நேரமே இல்லை. ஏழு நாற்பது பேருந்து. தொட்டிக்குள் தொங்கவிட்டிருந்த பெட்டியை எடுத்துக் கழுவிக் காயவைத்ததோடு சரி.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் தோசை ஊற்றும்போது நவநீதன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா எத்தன தடவ சொல்லுச்சு? ஒரு கிளிப்பு போடறதுக்கு என்ன கோகி?"

"நான் போட்டனாட்டத்தான் இருக்குதுங்க..."

"போட்டிருந்தா அது எப்புடி வெளிய வரும்?"

"தெரியலீங்க. பின்னால பக்கம் நான் தொறந்தனான்னே ஞாபகம் வரமாட்டேங்குது." கையில் கரண்டியோடு நின்றாள். தோசை கருகியது.

"விடுடா. தெரியாம நடந்தது" என்றேன் நான்.

அவள் என்னை நன்றியோடு பார்த்தாள்.

எனக்கு சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத வந்தேன். அது பொய். மூன்று தோசை சாப்பிட்டேன்.

ஜூலை 17, புதன்

நவநீதன் சாயங்காலம் என்னோடு தொட்டி முன்னால் உட்கார்ந்து டார்ச் அடித்து அந்த ஒற்றை மீனைத் தேடினான். அவனும் நானும் மட்டும். பழையபடி இருந்தது. ஒரு மணி நேரம்.

ஜூலை 18, வியாழன்

கோகிலவாணி தொட்டிப் பக்கமே வருவதில்லை. "இனிமே நீங்களே தீனி போட்டுருங்க நங்கை, எங்கையில வேண்டாம்" என்கிறாள். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று நாலு முறை போய்ப் பார்க்கிறாள். வாசலைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறாள்.

மீன் வெளியே வந்தது. பாறைக்கு மேல் தலையை மட்டும் நீட்டி, உடனே உள்ளே போய்விட்டது. ஜோடி இல்லாமல் பார்க்க என்னவோ போல் இருக்கிறது.

ஜூலை 20, சனி

அவள் கிளினிக்குக்குப் போன பிறகு நவநீதன் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஓசூருக்குப் போலாம்னு இருக்கோம்."

தெரியும் என்றேன். அவள் அடி போட்டுக்கொண்டிருந்தது எனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றேன்.

"யாரு, கோகியா?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை. "மார்ச்சுலயே வந்த ப்ரமோஷன்க்கா அது. நாந்தான் போலாம் போலாம்னு சொல்லிட்டிருந்தேன். அவதான் பிடிகொடுக்கல. அக்காவ தனியா விட்டுட்டு எப்புடிப் போறதுன்னு சண்டையே போட்டா. நானும் சரீன்னு விட்டுட்டேன். இப்ப இந்த மீன் செத்ததுலருந்து அவளே போயிர்லாங்கறா. 'நம்மளால அக்காவுக்குத் தொந்தரவுதான், ஒண்ண நம்பி எங்கிட்டக் கொடுக்க முடியல'ன்னு அழுகறா."

நான் சோதனைத் தாள் கட்டை எடுத்துத் திருத்தத் தொடங்கினேன். பத்தாம் வகுப்பு ஆ பிரிவு. நாற்பத்திரண்டு தாள்.

"ஏதாச்சும் சொல்லுக்கா."

"நல்ல வேலைன்னா போக வேண்டியதுதான்" என்றேன்.

எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருக்கிறேன். திரும்பத் திருத்த வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

தண்ணீர் மாற்றவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் ஞாயிறு.

பதினைந்தாம் தேதி நான் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மறுபடி எழுதுகிறேன்.

காலை ஏழு மணி பத்து நிமிடம். பெட்டியை எடுக்க வலது பின்மூலைக் கிளிப்பைக் கழற்றினேன். பெட்டி ஈரமாகக் கையில் இருந்தது. அப்போது எச்.எம். நெருப்பு மீன் ஒன்றைத் துரத்திக்கொண்டு வந்தது. அந்த மீன் கண்ணாடியோரம் மேலே மேலே ஏறி, அந்தத் திறந்த மூலைக்கு நேர் கீழே வந்து நின்றது. வாய் திறந்து திறந்து மூடியது. அது அடுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும்.

சமையலறையில் இருவரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாது. அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஏழு மாதம் பேசாமல் கிடந்தவனை நான் பேச வைத்தேன். சிரிக்க வைத்தது அவள்.

கிளிப்பைப் போடக் கை போனது. போடவில்லை. பெட்டியைக் கொண்டுபோய்க் கழுவினேன். செருப்பு மாட்டும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். மூலை திறந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேருந்துக்குப் போனேன்.

மறக்கவில்லை. பள்ளியில் மூன்றாவது பீரியட் அமிலம், காரம் நடத்தும்போதுகூட ஞாபகம் இருந்தது. வீட்டுக்கு ஒரு போன் போதும். பன்னிரண்டு மணிக்கு போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மீன் செத்தால் அவள் அழுவாள் என்று தெரியும். அவன் அவளைத் திட்டுவான் என்று நினைத்தேனா? நினைத்தேன்.

ஜூலை 22, திங்கள்

எட்டரைக்கு அவள் கிளினிக்கிலிருந்து வந்ததும் இருவரையும் கூடத்தில் உட்காரச் சொன்னேன். நான் நின்றுகொண்டேன். வகுப்பில் நிற்பதுபோல் நின்றால்தான் எனக்குப் பேச்சு வரும்.

"போன திங்கக்கிழமை காலையில அந்தக் கிளிப்பக் கழட்டுனது நான். போடாம விட்டதும் நான்."

நவநீதன் தலையை ஆட்டினான். "அவளுக்காகப் பழிய நீ ஏத்துக்க வேண்டாம்க்கா. எனக்குத் தெரியும்."

"ஏத்துக்கல. நான்தான்."

"சரி, மறந்துட்டே. பஸ்ஸுக்கு அவசரம். அதுக்கு என்ன இப்போ?"

எவ்வளவு நல்ல வழி திறந்து கொடுத்தான். அதிலேயே போயிருக்கலாம்.

"மறக்கல" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. தோள்பையை இன்னும் கழற்றவில்லை. என்னையே பார்த்தாள்.

"எதுக்குங்க நங்கை?"

இதற்கு நான் காலையிலிருந்து பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"நீங்க ரெண்டு பேரும் உள்ள சிரிச்சுட்டிருந்தீங்க" என்றேன்.

தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு அவள் பேசினாள். கத்தவில்லை.

"ஒரு வாரமா எங்கைய நானே நம்பலீங்க. பேஷண்ட்டு கழுத்தப் பிடிக்கறதுக்கு முன்னால நாலு தடவ சீட்டப் பாக்கறேன். எதையோ மறந்துட்டமோ, எதையோ மறந்துட்டமோன்னு. அன்னைக்கு 'தெரியாம நடந்தது'ன்னு சொன்னீங்களே, உங்க காலத் தொட்டுக் கும்புடணுமாட்ட இருந்துச்சு எனக்கு." எழுந்தாள். "இத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம். சொன்னீங்க. அதுக்காக நான் இப்ப பரவால்லீங்கன்னு சொல்ல மாட்டேன்."

உள்ளே போனாள். நவநீதன் என்னைப் பார்க்காமல் பின்னாலேயே போனான்.

ஜூலை 29, திங்கள்

நவநீதன் பேசுவதில்லை. கோகிலவாணி தேவைக்குப் பேசுகிறாள். "சாம்பார் மேசையில இருக்குதுங்க." "பால் வந்துருச்சுங்க." வாசலைப் பூட்டிவிட்டு அவள் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பது நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 5, திங்கள்

பதினான்காம் தேதி கிளம்புகிறார்கள்.

கோகிலவாணி என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "அந்த மீன நான் எடுத்துட்டுப் போறேனுங்க" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

சரி என்றேன். சின்னத் தொட்டியையும் எடுத்துப் போகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 10, சனி

நெருப்பு மீனைப் பிடிப்பது லேசில்லை. பாறை இடுக்கில் போய்விட்டால் வலை எட்டாது. பாறைகளை எடுத்தாக வேண்டும்.

நவநீதன் கட்டிலில் கிடந்து விரல் காட்ட நான் அடுக்கிய பாறைகள். ஒன்பது வருடத்தில் பவளமும் பாசியும் ஏறி எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே கல்லாகிவிட்டது. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினேன். சாயங்காலம் அவன் வந்தான். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வாளியைப் பிடித்தான். ஒவ்வொன்றாக எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போட்டோம்.

பாதித் தொட்டி காலியான பிறகு பேசினான். பத்தொன்பது நாளுக்குப் பிறகு.

"எனக்கு கால் ஒடிஞ்சப்ப திருப்பூர்லருந்து உனக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு. நீ வேண்டாம்னுட்டே. அது எனக்கு அப்பவே தெரியும்க்கா. ஏன்னு உன்ன நான் கேட்டிருக்கணும். கேக்கல. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு."

"கல்லப் பிடி, நழுவுது" என்றேன்.

பிடித்தான். அவன் கண்ணைத் துடைத்தது உப்புத் தண்ணீர் தெறித்ததாலும் இருக்கலாம். என் கண்ணில் தெறிக்கவில்லை.

கடைசிக் கல்லைத் தூக்கியபோது மீன் வெளியே வந்தது. மறைய இடம் இல்லாமல் மணலில் நின்றது. கோகிலவாணி எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. "மெதுவாங்க" என்றாள். மெதுவாகத்தான் பிடித்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இரட்டைப் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். தெர்மோகோல் பெட்டி, மூடியில் டேப். ஓசூருக்குக் காரில் ஆறு மணி நேரம். பெரிய தொட்டித் தண்ணீர் மூன்று கேன், பழகிய பாறை இரண்டு, உப்பு, அடர்த்தி பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். என்னிடம் இருந்த ஒரே ரிஃப்ராக்டோமீட்டர் அதுதான். எனக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். காரில் உட்கார்ந்து மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு அங்கேயே முதல் பக்கத்தைப் படித்தாள்.

"போய்ட்டு வர்றோமுங்க" என்றாள்.

போய்ட்டு வா என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். வண்டி நகர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பாறைகளைத் திரும்ப அடுக்கினேன். பழைய மாதிரி வரவில்லை. தனியாளாகத் தண்ணீர் மாற்றலாம், முடிகிறது. குழாயைத் தொட்டி விளிம்பில் ஒரு கிளாம்ப் போட்டு மாட்டினால் போதும். இதை ஒன்பது வருடம் முன்பே செய்திருக்கலாம். இரண்டு ஆள் தேவையே இல்லாத வேலை.

நவநீதன் போன் செய்தான். நல்லபடியாக இருக்கிறார்களாம். அவளைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மதியம் ஒரு மணிக்கு போன் அடித்தது. நவநீதன் எண் இல்லை.

"நங்கை." கோகிலவாணி. எப்படி இருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. "மூணு நாளா மீன் சாப்பிட மாட்டேங்குதுங்க. குழாய்க்குள்ளயே இருக்குது. உங்க நோட்டுல இதுக்கு எதுவும் போடல."

போடவில்லைதான். வெப்பம் கேட்டேன். இருபத்தைந்து. அடர்த்தி கேட்டேன். "இருங்க, பாத்துச் சொல்றேன்." போனைக் கீழே வைத்துவிட்டுப் போகும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன். 1.029. தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறியிருக்கிறது. அவளால் தெரிந்திருக்க முடியாது. ஓசூரில் காற்று அதிகம்.

"உன் தப்பில்ல. நான் எழுதியிருக்கணும்" என்றேன்.

"இருங்க, எழுதிக்கறேன்" என்றாள்.

உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் கணக்கில் விடச் சொன்னேன். ஒரேயடியாக ஊற்றினால் தாங்காது. இரண்டு நாளில் சரியாகிவிடும். விளக்கை அணைத்து வை. இறாலோடு ஒரு சொட்டு பூண்டுச் சாறு கலந்து போட்டுப் பார். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். நடுவில் இரண்டு முறை குறுக்கே கேள்வி கேட்டாள். நல்ல கேள்விகள். நாற்பது நிமிடம் பேசினோம், மீனைப் பற்றி மட்டும்.

"முதல் டம்ளர் விட்டாச்சுங்க."

"அவ்வளவுதான். இனி அடுத்தது ஒரு மணி நேரம் கழிச்சு."

"சரிங்க. வெச்சர்றேன்."

வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டது. நான் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் பாசி தேய்க்கும் பஞ்சு. கீழே வாளி. மணி இரண்டாகப் போகிறது.

"சாப்டீங்களா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லி வருகிறேன், இந்தப் பதினோரு நாளாக.

"இல்ல. அடுப்பே பத்த வெக்கல" என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கூப்பிடுங்க. நான் ரெண்டாவது டம்ளர் விடறப்ப லைன்ல இருங்க. எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அரிசி களைந்து போட்டேன். ரசம் வைத்தேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் எண்ணை அழுத்தினேன்.